கடைமடைக்கும் போய்ச் சேர வேண்டும்

(நரிக்குடி ஒன்றிய ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் இணையம் என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் வகுப்பறையை விட்டுவிட்டு என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். இந்த டீச்சர் எதற்குச் சொந்தக் கதையை இழுக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் நான் செய்து வைத்திருந்த ஒரு தவற்றை என் வீடுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகள் அருப்புக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்து தினமும் பேருந்தில் வந்துபோனவள் நான். நரிக்குடியில் திருச்சுழி சாலைப் பக்கம் வாங்கிப்போட்டிருந்த மனையில் சென்ற ஆண்டுதான் வீடு கட்டினோம். வங்கிக் கடனில் கட்டும் வீடு. அதனால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்தோம். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும் என்று கடைக்கால் ஆழமாகப் போட்டோம். போர் தண்ணீர் உப்பாக இருந்ததால் மழைநீருக்குத் தனித் தொட்டி கட்டினோம். மின் வேலைக்கு வந்த தம்பி சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே, "டிவி பாயிண்ட் எங்க வரணும் டீச்சர்? மோட்டார் சுவிட்ச் எங்க வரணும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இணைய வயர் எந்த வழியாக வீட்டுக்குள் வர வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைப்பேசியில்தான் நெட் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

பால் காய்ச்சிக் குடிவந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கான்கிரீட் தளத்துக்குக் கீழே கைப்பேசியில் ஒரு கோடுதான் தெரியும். எமிஸ் வேலை பார்க்க நான் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். கல்லூரியில் படிக்கும் என் மகள் இணையவழித் தேர்வு எழுதவும் மொட்டைமாடிதான். சித்திரை வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தேர்வு எழுதினாள்.

ஊரில் கேபிள் இணைப்புக் கொடுக்கும் அண்ணனிடம் கேட்டேன். "நூல் வயர் மெயின் ரோட்டோட நிக்குது டீச்சர். உங்க வீடு அங்கருந்து நானூறு மீட்டரு. ஒரு வீட்டுக்குன்னு இழுத்தா கட்டுப்படி ஆகாது. நாலு வீடு சேருங்க, இழுத்துருவோம்" என்றார். வீடு வீடாகப் போனேன். பணி ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், "எனக்கெதுக்கும்மா நெட்டு? தந்தி வந்த காலத்தையே பாத்தவன் நானு" என்றார். சிங்கப்பூரில் இருக்கும் பேரனின் முகம் நிற்காமல் தெரியும் என்று சொன்னதும் அவர்தான் முதல் ஆளாகச் சேர்ந்தார். மளிகைக் கடைக்காரரும் இன்னொரு ஆசிரியர் குடும்பமும் சேர, நாலு வீடு ஆனது. ஒரு மாதம் கழித்து கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு வயர் வந்தது.

நூலுக்குள் வெளிச்சம்

அந்த வயரை நுனியில் உரித்துக் காட்டினார்கள். இருபுறமும் இழுவைக்கு எஃகுக் கம்பி. நடுவில் முடி போல ஒரு கண்ணாடி இழை. மேல் பூச்சை நீக்கினால் அதன் கனம் 125 மைக்ரோமீட்டர். அதற்குள்ளும் வெளிச்சம் ஓடும் மையப் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான். நாம் வகுப்பில் நடத்தும் முழு அக எதிரொளிப்பு அதற்குள்தான் நடக்கிறது. வெளிச்சம் இழையின் சுவரில் பட்டுப் பட்டு, வெளியே கசியாமல் உள்ளேயே ஓடுகிறது. கண்ணாடிக்குள் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954-இல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே படத்தை அனுப்பிக் காட்டியவர். இன்னொருவர் சார்லஸ் காவோ. கண்ணாடியில் வெளிச்சம் மங்குவதற்குக் காரணம் அதிலுள்ள மாசுதான், மாசை நீக்கினால் தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் சொன்னவர். அதற்கு 2009-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இன்றைய நல்ல இழையில் 10 கிலோமீட்டர் ஓடிய பிறகும் பாதிக்கு மேல் வெளிச்சம் மிஞ்சுகிறது. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் அப்படி இல்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறைந்துகொண்டே போகும். நம்மைப் போன்ற ஊர்கள் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே இழை நமக்கு மட்டும் என்று வருவதில்லை. பொதுவாகப் பயன்படும் முறையில் ஓர் இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் வருகிறது. அதை ஒரு சிறிய பிரிப்பான் வழியே 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள். அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம். வருகிற செய்திக்கு ஓர் அலைநீளம், போகிற செய்திக்கு வேறோர் அலைநீளம் என்பதால் இரண்டும் ஒரே இழையில் எதிரெதிராகப் போகலாம். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதனால் அறுந்த இழையின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கண்மாய் நிறைந்தும் காயும் வயல்

வயர் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே விட வழி இல்லை. புதுச் சுவரில் ஓட்டை போட என் கணவருக்கு மனம் வரவில்லை. கூடத்து ஜன்னல் வழியே விட்டு, அதன் பக்கத்திலேயே பெட்டியை வைத்தோம். மூன்றாம் நாள் காற்றடிக்கிறது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, இணையம் நின்றது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வயர் நசுங்கி மடிந்திருந்தது. கூர்மையாக மடிந்தால் வெளிச்சம் இழையை விட்டு வெளியேறிவிடும் என்பதை அன்று என் வீட்டிலேயே பார்த்தேன். வயரை மாற்றி, வேறு வழியில்லாமல் சுவரில் துளை போட்டு உள்ளே விட்டோம்.

அதன் பிறகும் மகள் குறை சொன்னாள். நாங்கள் கட்டணம் கட்டியது 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு. அவள் அறையில் படம் நின்று நின்று ஓடியது. எனக்குக் கோபம். கேபிள் அண்ணனைக் கூப்பிட்டு, "பாதியைக்கூடத் தர மாட்டேங்கிறீங்களே" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மடிக்கணினியைப் பெட்டியோடு நேராக வயரில் இணைத்து அளந்து காட்டினார். 94 வந்தது. பிறகு வயர் இல்லாமல், வைஃபையில், ஒவ்வோர் இடமாக அளந்தோம். கூடத்தில் 80. சமையலறையில் 30. மகளின் அறையில் 6.

"லைன்ல குறை இல்ல டீச்சர். மிச்சமெல்லாம் உங்க வீட்டுக்குள்ளதான் போகுது" என்றார்.

இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இது புரியும். கண்மாய் நிறைந்திருக்கும், மடையும் திறந்திருக்கும். ஆனாலும் கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். தண்ணீர் இல்லை என்பதால் அல்ல, வாய்க்கால் தூர்ந்திருப்பதால். என் வீட்டில் பெட்டிக்கும் மகளின் அறைக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர்கள், ஒரு பீரோ, ஒரு குளிர்சாதனப் பெட்டி.

வைஃபை அலைகளில் இரண்டு வகை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். செங்கல் அலையைக் குறைக்கும். கான்கிரீட் இன்னும் குறைக்கும். உலோகத் தகடு தடுத்தே விடும். நிறைந்த தண்ணீர்த் தொட்டியும், பின்புறம் பூச்சுள்ள பெரிய நிலைக்கண்ணாடியும்கூடத் தடைதான்.

கடைசியில் சுவரோரமாகக் கேசிங் பட்டி அடித்து மகளின் அறைக்கு ஒரு வயர் கொண்டுபோய், அங்கே இன்னொரு சிறு வைஃபை கருவி வைத்தோம். இப்போது அங்கும் 70, 80 வருகிறது. புது வீட்டின் சுவரில் பட்டி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், மின்குழாய் பதித்த அன்றே இன்னொரு குழாயைத் தனியாகப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். அன்று அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

பீரோவுக்குள் இருந்த இணையம்

இப்போது பள்ளிக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்ற அறிவிப்பும், நடுநிலைப் பள்ளிகளுக்கான உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும், அவற்றுக்கான இணைய இணைப்பும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்கள் பள்ளிக்கும் இணைப்பு வந்தது. ஆனால் படம் போட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அதற்கு 'ராட்டினம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இணைப்பு சரியில்லை" என்று நாங்களும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இந்த ராட்டினம் நம்ம பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் சுத்துமா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. டவுன் பள்ளிகளில் சுற்றாது, நமக்கு வருவது இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எனக்கு அதுதான் வலித்தது.

வீட்டில் அளந்து பார்த்த சில நாட்களில் ஏழாம் வகுப்பில் இதையே ஒரு செயல்பாடாக வைத்தேன். என் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, இன்னொரு கைப்பேசியை அதில் இணைத்து, எத்தனை கோடு தெரிகிறது என்று பார்க்கச் சொன்னேன். கதவுக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். கடைசியாக என் கைப்பேசியை ஓர் எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து இறுக மூடினோம். கோடுகள் சரிந்தன. உலோகக் கூடு மின்காந்த அலைகளைத் தடுக்கும் என்று சொல்லி, 1836-இல் மைக்கேல் ஃபாரடே உலோகத்தால் மூடிய ஓர் அறைக்குள் உட்கார்ந்து செய்த சோதனையைப் பற்றியும் சொன்னேன்.

பின் வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய அப்பா கருவேல விறகில் கரிமூட்டம் போடுகிறவர். அவன் கேட்டான்: "டீச்சர், அப்ப நம்ம பள்ளிக்கூட நெட்டுப் பெட்டியும் பீரோவுக்குள்ளதான இருக்கு?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான்தான். திருட்டுப் போனால் பொறுப்பாசிரியர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற பயம். பீரோவின் பின்தகட்டில் துளை போட்டு வயரை உள்ளே விட்டு, சாவியை என் கைப்பையில் வைத்திருந்தேன். பூட்டிய பீரோவுக்குள் முழு வேகமும் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த அறையில் நாற்பது பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று மாலையே தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சாவி பத்திரமா இருக்குல்ல டீச்சர்?" என்றார். எங்கள் பள்ளியில் படித்த தச்சர் ஒருவர் காற்றுத் துளைகளோடு ஒரு மரப்பெட்டி செய்து, எட்டடி உயரத்தில் சுவரில் பொருத்திப் பூட்டும் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அங்கிருந்து திறன்பலகைக்கு நேராக ஒரு வயர் போட்டோம். மறுநாள் அதே வகுப்பில் அதே படம் நிற்காமல் ஓடியது. பின் வரிசைப் பையனை எழுப்பிக் கைதட்டச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பெண்ணையும் கூப்பிட்டு வந்து காட்டினேன்.

பாடமாகவும் ஆக்கலாம்

பிறகு பிள்ளைகள் வாரம் ஒருமுறை அளந்து ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறார்கள். அதில் கணக்கும் வருகிறது. 100 எம்பிபிஎஸ் என்பதில் உள்ளது மெகாபிட். கோப்பின் அளவைச் சொல்வது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் வரும். 500 மெகாபைட் பாடப்படம் இறங்க 40 நொடி போதும். என் மகளின் அறையில் வந்த 6 எம்பிபிஎஸ்-இல் அதே படத்துக்கு 11 நிமிடம் ஆகும். வகுத்தலும் விகிதமும் நடத்த இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

உயர் வகுப்பு ஆசிரியர்கள் முழு அக எதிரொளிப்பையும் எளிதாகக் காட்டலாம். தண்ணீர் நிறைந்த பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு துளை. எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தத் துளையை நோக்கி லேசர் ஒளி. வளைந்து விழும் தண்ணீரோடு வெளிச்சமும் வளைந்து விழும். 1840-களில் ஜெனீவாவில் கொலாடன் இதைச் செய்து காட்டினார். லேசர் யார் கண்ணிலும் படாமல் ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் செய்தி உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்கு 'பிராட்பேண்ட்' என்று பெயர். 2013-இல் அந்த வரையறையை 512 கிலோபிட் ஆக்கினார்கள். 2023-இல் 2 மெகாபிட் ஆக்கினார்கள். ஊராட்சிகள் அனைத்துக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2011-இல். இன்று அதன் பெயர் பாரத்நெட். நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கான பணியை, தமிழ்நாடு அரசு இதற்கென்றே தொடங்கிய டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அந்த உரிமை ஊராட்சி அலுவலகம் வரையோ பள்ளியின் பீரோ வரையோ வந்து நின்றுவிட்டால் பிள்ளைக்கு என்ன பயன்?

வீடு கட்டுவோருக்கும் பள்ளிக்கும்

இங்கே வீடு கட்டத் திட்டமிட்டிருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். இங்கிலாந்தில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து, புதிய வீடு கட்டும்போதே அதிவேக இணையத்துக்கான வழியை வைத்துக் கட்ட வேண்டும் என்று கட்டட விதியே இருக்கிறது. நம் நாட்டிலும் கட்டடங்களை இணைய வசதிக்காக நட்சத்திர முறையில் தரம் பிரிக்கும் விதிகளை 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. நமக்கு விதியும் நட்சத்திரமும் வேண்டாம், ஒரு குழாய் போதும். பூச்சு வேலைக்கு முன்பே, வெளிச் சுவரிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரு காலிக் குழாய். அங்கிருந்து படிக்கும் அறைக்கு இன்னொன்று. மின்கம்பி போகும் குழாயில் இதைச் சேர்க்கக் கூடாது. மூலைகளில் கூர்மையான வளைவு கூடாது. பின்னால் வயர் இழுக்க வசதியாக உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பெட்டி வரும் இடத்தில் ஒரு மின் பாயிண்ட் இருக்கட்டும். மின்சாரம் போனால் பெட்டியும் அணையும் என்பதால் அதற்கென்று கிடைக்கும் சிறிய பேட்டரி ஒன்றும் உதவும்.

பள்ளிக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. திங்கட்கிழமை போனதும் உங்கள் பள்ளியின் இணையப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பீரோவுக்குள்ளா, பரண் மேல் பழைய தகரப் பெட்டிகளுக்குப் பின்னாலா, தலைமையாசிரியர் அறையின் மூலையிலா? பெட்டியில் வயர் போட்டு ஒருமுறை அளங்கள். பிறகு பிள்ளைகள் உட்காரும் கடைசி வரிசையில் அளங்கள். பெட்டியிலேயே வேகம் குறைவென்றால் அந்த எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள். எண்ணோடு போகும் புகாருக்கு மதிப்பு உண்டு. பெட்டியில் சரியாக இருந்து கடைசி வரிசையில் குறைந்தால், சரிசெய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

என் வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். அவர்கள் கைக்கு எட்டும் வேகமான இணையம் பள்ளியில் இருப்பது மட்டும்தான். என் வீட்டில் நாலு வீடு சேர்த்து, சுவர் துளைத்து, பட்டி அடித்து என் மகளின் அறைக்குக் கொண்டுபோனேன். அதில் பாதி அக்கறையைக்கூடப் பள்ளியில் நான் காட்டவில்லை என்பதை ஏழாம் வகுப்புப் பையன் கேட்ட ஒரு கேள்வியில்தான் உணர்ந்தேன். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருப்பான். அவன் கேட்பதற்கு முன் நாமே ஒருமுறை பீரோவைத் திறந்து பார்த்துவிடுவோம்.